நில அதிர்வு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கோ ஒரு நாட்டில் பூமி அதிர்ந்து, இடிந்த வீடுகளின் படங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தால், அன்று பின்னேரம் எங்கள் சனசமூக நிலையத்தில் வேறு கதை இராது. நான் வடமராட்சியில் முப்பது வருடங்கள் புவியியல் படிப்பித்தவன். பழைய மாணவர்களும் அவர்களின் தாய்தகப்பன்மாரும் வீதியில் மறித்துக் கேட்பவற்றுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதி வைக்கிறேன்.

சேர், பூமி ஏன் சில நாடுகளில் மட்டும் இப்படி அதிர்கிறது?

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் நகர்கின்றன. இரண்டு தட்டுகள் முட்டும், உரசும், அல்லது ஒன்று மற்றதன் கீழே போகும் எல்லைகளில்தான் உலகத்தின் பெரும்பாலான நில அதிர்வுகள் நடக்கின்றன. யப்பான், சிலி, இந்தோனேசியா, நேபாளம், துருக்கி எல்லாம் அப்படியான எல்லைகளில் அல்லது அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

நகர்வது மெதுவாக என்றால் அதிர்ச்சி ஏன் திடீரென்று வருகிறது என்று அடுத்த கேள்வி வரும். மாரியில் ஊறிப்போன மரப்படலையை நினைத்துப் பாருங்கள். தள்ளத் தள்ள அசையாது. தோளைக் கொடுத்து முழுப் பலத்தையும் போட்டால் ஒரு கணத்தில் படாரென்று திறக்கும், தள்ளியவரும் சேர்ந்து விழப் பார்ப்பார். தட்டுகளின் விளிம்பும் இறுகித்தான் கிடக்கிறது. பின்னாலிருந்து தள்ளுகை நிற்பதில்லை. நூறு, இருநூறு வருடம் சேர்ந்த இழுவை சில நிமிடத்தில் விடுபடும். 2004 இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் விடுபட்ட விளிம்பின் நீளம் 1,200 கிலோமீற்றருக்கும் மேல். இலங்கைத் தீவின் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கு ஓரளவு கிட்ட வரும் தூரம் அது.

அப்படியென்றால் யாழ்ப்பாணத்துக்கு வராதுதானே?

நாங்கள் இருப்பது தட்டின் உட்பகுதியில். சுமாத்திராவுக்கு அப்பால் உள்ள கடலடி எல்லை இங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். இமயமலை இன்னும் தூரம். ஆகவே நேபாளத்தில் வந்தது போன்ற ஒன்று எங்கள் காலுக்கடியில் வருவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு.

ஆனால் "வராது" என்று எழுதித் தர நான் தயாரில்லை. அதற்குக் காரணம் இரண்டு ஊர்கள். மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கத்துக் கில்லாரி, தக்காணத்தின் பழைய கெட்டிப் பாறையின் மேல் இருக்கும் ஊர். அங்கே ஆபத்து என்று பெரிதாக எவரும் எண்ணியிருக்கவில்லை. 1993 செப்ரெம்பர் 30, விடியப்புறம் நாலு மணிக்குச் சற்று முன், 6.2 அளவில் ஓர் அதிர்வு வந்தது. விநாயகர் சதுர்த்திக் கொண்டாட்டம் முடித்துப் படுத்த சனங்கள் மேல், மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல்மதில்கள் சரிந்தன. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2001 ஜனவரி 26 இல் குஜராத்தின் கச்சுப் பகுதி. அதுவும் தட்டின் முக்கிய எல்லையில் இருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் தள்ளி இருக்கும் இடம்தான். அங்கே ஏறத்தாழ இருபதாயிரம் உயிர்கள் போயின.

இலங்கையிலும் 1615 இல், போர்த்துக்கேயர் காலத்தில், கொழும்பில் ஓர் அதிர்வு பெருஞ்சேதம் விளைவித்ததாகப் பதிவு உண்டு. ஆகவே பயந்து தூக்கம் கெடத் தேவையில்லை. ஆனால் "எங்களுக்கு இல்லாத விசயம்" என்று ஒதுக்கவும் கூடாது.

எங்கள் பக்கம் சில இடத்தில் நிலம் திடீரென்று உள்ளே இறங்குகிறதே, அது நில அதிர்வா?

பெரும்பாலும் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகைகளும் வாய்க்கால்களும் செய்து வைத்திருக்கிறது. நிலாவரைக் கிணறும் அப்படி உண்டானதுதான். மேல்மூடி மெலிந்தால் தரை இறங்கும். வீடு கட்ட முதல் இதைப் பார்ப்பது நல்லது, ஆனால் இது வேறு கதை.

சிலியில் 8.8 வந்தும் சில நூறு பேர்தான் இறந்தார்கள். ஹெயிற்றியில் 7.0 தான், ஆனால் இலட்சக்கணக்கில் என்கிறார்கள். எப்படி?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

முதலில் எண்களை விளங்கிக் கொள்ள வேண்டும். அளவில் ஒரு படி, அதாவது 7 இலிருந்து 8 க்கு, கூடினால், வெளிவரும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால் 2010 பெப்ரவரி 27 இல் சிலியில் வந்தது, அதே வருடம் ஜனவரி 12 இல் ஹெயிற்றியில் வந்ததைவிட ஏறத்தாழ 500 மடங்கு சக்தி கொண்டது. சிலியில் இறந்தவர்கள் 525 பேர் அளவில். ஹெயிற்றியில் குறைந்த கணக்கே ஓர் இலட்சத்தைத் தொடுகிறது, அரசாங்கத்தின் கணக்கு மூன்று இலட்சத்தைத் தாண்டுகிறது. இறந்தவர்களைச் சரியாக எண்ணக்கூட ஆளில்லாத நாடு அது.

இயற்கையும் ஒரு பங்கு வகித்தது, அதை மறைக்கக் கூடாது. ஹெயிற்றியில் அதிர்வு ஆழம் குறைந்த இடத்தில், தலைநகரில் இருந்து 25 கிலோமீற்றரில் பிறந்தது. சிலியில் உடைந்தது கரையோரக் கடலடியில். ஆனால் பெரிய வித்தியாசம் கட்டடங்களில் இருந்தது. 1960 இல் சிலியின் வால்டிவியாவில் 9.5 வந்தது. கருவிகளால் அளந்ததில் இன்றுவரை அதைவிடப் பெரியது இல்லை. அந்தப் பாடத்துக்குப் பிறகு சிலி தன் கட்டட விதிகளைத் திரும்பத் திரும்ப இறுக்கியது. கட்டி விற்றவர், கட்டமைப்புப் பழுதுக்குப் பத்து வருடம் பொறுப்பு என்று சட்டமே இருக்கிறது. ஹெயிற்றியில் மேற்பார்வை என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. சீமெந்து குறைந்த கலவை, மெல்லிய தூண், அதன் மேல் பாரமான கொங்கிறீற் தட்டு. அதிர்வு தொடங்கித் தூண் முறிந்ததும் தட்டு அப்படியே கீழே இருந்தவர்கள் மேல் இறங்கியது.

விதி இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். துருக்கியில் நல்ல விதிகள் புத்தகத்தில் இருந்தன. விதியை மீறிய கட்டடங்களுக்குப் பணம் கட்டி அனுமதி எடுக்கும் மன்னிப்புத் திட்டங்களும் கூடவே இருந்தன. 2018 இலும் அப்படி ஒரு திட்டம் வந்தது. 2023 பெப்ரவரி 6 விடியப்புறம் 4.17 க்கு 7.8, அன்று மத்தியானம் இன்னொரு பெரிய அதிர்வு. துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூமி அசைத்தது உண்மைதான். அந்த மனிதர்களைக் கொன்றது அவர்கள் படுத்திருந்த அறையின் கூரையும் சுவரும். அந்தச் சுவரை அப்படிக் கட்ட விட்டவர்கள் மனிதர்கள்.

மண்ணுக்கும் இதில் பங்கு உண்டா?

நிறைய. 1985 இல் மெக்சிக்கோ நகரத்தை இடித்த அதிர்வு பிறந்தது 350 கிலோமீற்றருக்கும் அப்பால். நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுக்கையில் இருந்தது. அந்த மென்மண் அதிர்வைப் பல மடங்கு பெருப்பித்தது. காத்மண்டுப் பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் ஏரிதான். 2025 மார்ச் 28 இல் மியன்மாரில் 7.7 வந்தபோது, ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி பாங்கொக்கில் கட்டிக்கொண்டிருந்த 33 மாடிக் கட்டடம் சரிந்ததைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். பாங்கொக்கும் மென்களிமண்ணில் நிற்கும் நகரம்.

மணல் இன்னொரு விதம். ஈரம் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது கொஞ்ச நேரத்துக்குக் கூழ் போல ஆகிவிடும். 2018 இல் இந்தோனேசியாவின் பாலுவில் குடியிருப்புகள் அப்படியே வழுக்கிப் போய்ப் புதைந்தன. மணற்காட்டுப் பக்கம் வீடு வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவன் இதைக் கேட்டுப் பயந்துபோனான். அங்கே மணலைக் கூழாக்கும் அளவுக்கு அதிர்வு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

எங்கள் வீடுகள் தாங்குமா?

வீட்டைப் பார்க்காமல் சொல்ல ஏலாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

சீமெந்துக் கல்லால் எழுப்பிய சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினால் தாங்காது. அதனால்தான் கதவு, யன்னல்களுக்கு மேலே போகும் கம்பி போட்ட பீம் துண்டு துண்டாக இல்லாமல் வீட்டைச் சுற்றி ஒரே வளையமாகப் போக வேண்டும் என்கிறார்கள். பெட்டிக்குக் கயிறு கட்டுவது போல. மூலைகளில் தூண், அதை அந்த வளையத்தோடு கட்டும் கம்பி. தூணின் வளையக் கம்பியின் நுனி உள்ளே நன்றாக மடிந்திருக்க வேண்டும். சும்மா சுற்றி விட்டால் குலுக்கலில் விரிந்து போகும். அதற்கான மேலதிகச் செலவு வீட்டின் மொத்தச் செலவில் சிறிய பங்குதான்.

இங்கே எனக்கு அதிகக் கவலை மணலைப் பற்றி. உப்பு மணலைக் கழுவாமல் கலந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கும், கொங்கிறீற் வெடித்துக் கழரும். இது புயலுக்கும் பொருந்தும், ஒன்றுமே வராத நாளுக்கும் பொருந்தும். மேசன்மாருக்கு இது தெரியாமல் இல்லை. வீட்டுக்காரர் அவசரப்படுத்துவதும் காசைக் குறைப்பதும்தான் அவர்களின் கையைக் கட்டுகிறது.

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2008 இல் சீனாவின் சிச்சுவானில் வந்த அதிர்வில் வகுப்பறைகள் இடிந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். பக்கத்தில் வேறு கட்டடங்கள் நிற்க, பள்ளிக்கூடம் விழுந்த இடங்களும் இருந்தன. 2015 ஏப்ரல் 25 இல் நேபாளத்தில் 7.8 வந்தது ஒரு சனிக்கிழமை, முற்பகல் 11.56 க்கு. அங்கே சனி விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன, உள்ளே பிள்ளைகள் இருக்கவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால் என்ற எண்ணம் வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் நின்ற எனக்கு இன்றும் போகவில்லை.

முன்கூட்டியே சொல்ல முடியாதா?

நாள், நேரம், இடம் சொல்லி எவராலும் முடியாது. "நாளைக்கு வருமாம்" என்று செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்து விடுங்கள். அதிர்வு தொடங்கிய பிறகு, வேகமாக வரும் முதல் அலையைப் பிடித்து, பின்னால் வரும் பலமான அலைக்குச் சில செக்கன்கள் முன் எச்சரிப்பது வேறு விசயம். யப்பானிலும் மெக்சிக்கோவிலும் அது நடைமுறையில் இருக்கிறது.

கடல்?

எங்களுக்கு உண்மையான ஆபத்து இதுதான். 2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவில் தட்டு உடைந்தபோது எங்கள் மணிக்கூட்டில் ஏழு ஆக ஒரு நிமிடம். இங்கே அநேகருக்கு அதிர்வே தெரியவில்லை. ஆழ்கடலில் சுனாமி அலை விமானத்தின் வேகத்தில் வரும். இரண்டு மணித்தியாலம் அளவில் கிழக்குக் கரையைத் தொட்டது. எச்சரிக்கை சொல்ல அந்த நேரம் போதும், சொல்ல ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. உடுத்துறை, மருதங்கேணி, மணற்காடு, முல்லைத்தீவு என்று பெயர்களை அடுக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் உடுத்துறை நினைவிடத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இன்று இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 வந்தபோது கரையோரச் சனங்களைக் கரையை விட்டு உள்ளே அனுப்பினார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று "சும்மா ஓட வைத்தார்கள்" என்று சிலர் கோபப்பட்டார்கள். பத்துத் தடவை சும்மா ஓடினாலும் பரவாயில்லை, பதினோராவது தடவையும் ஓட வேண்டும்.

சிமெலு என்று சுமாத்திராவுக்குப் பக்கத்தில் ஒரு தீவு. அதிர்வு பிறந்த இடத்துக்கு மிகக் கிட்ட. எழுபதாயிரத்துக்கும் மேல் சனம். 2004 இல் அங்கே இறந்தவர்கள் ஏழு பேர் என்றுதான் கணக்கு. 1907 இல் வந்த அலையைப் பற்றிப் பாட்டிமார் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள்: நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு. கருவி இல்லை, சைரன் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு 2004 ஐ நாங்கள் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறோமா?

இடிந்த ஊர் எப்படித் திரும்ப எழும்புகிறது?

முதலில் வருவது பக்கத்து வீட்டுக்காரர். 1995 ஜனவரி 17 இல் யப்பானின் கோபேயில் இடிபாட்டில் இருந்து எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை எடுத்தவர்கள் சொந்தக்காரரும் அயலவரும்தான். வெளியிலிருந்து மீட்புப் படை வருவதற்குள் முக்கியமான நேரம் கடந்து விடும்.

அதே கோபே பிறகு ஒரு பிழையும் செய்தது. தற்காலிக வீடுகளை நகரத்துக்கு வெளியே கட்டி, முதியவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்தார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அயலும் உறவும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப் போயின. அந்தத் தற்காலிக வீடுகளில், இறந்தது கூடத் தெரியாமல் தனியே கிடந்து போனவர்கள் இருநூறு பேருக்கு மேல். பின்னாளில் வந்த அனர்த்தங்களில் ஊர் ஊராகச் சேர்த்துக் குடியமர்த்த அவர்கள் முயன்றார்கள்.

இதை வாசிக்கும்போது எனக்கு 1995 ஒக்ரோபர் 30 தான் ஞாபகம் வரும். போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுக்க இரவோடிரவாக நடந்து வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஐந்தாறு குடும்பங்கள். ஒரே ஒழுங்கையில் இருந்து சேர்ந்து வந்தவர்கள் இரண்டாம் நாளே அடுப்பு மூட்டி, முறை வைத்துத் தண்ணீர் அள்ளத் தொடங்கி விட்டார்கள். தனித்தனியாக வந்து சேர்ந்தவர்கள் மூலையில் பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்கள். கொடுத்த நிவாரணம் இரண்டு பகுதிக்கும் ஒன்றுதான்.

வீடு கட்டும் கட்டத்தில் குஜராத் நல்ல உதாரணம். அங்கே அரசாங்கம் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகளை வீட்டுக்காரர்களே கட்ட விட்டது. பணத்தைத் தவணையாக வங்கியில் போட்டது, ஒவ்வொரு கட்டத்திலும் பொறியியலாளர் பார்த்த பிறகே அடுத்த தவணை. மேசன்மாருக்குப் பயிற்சி கொடுத்தது. நேபாளமும் மூன்று இலட்சம் நேபாள ரூபாயைத் தவணையாகக் கொடுத்து அந்த வழியில்தான் போனது. வடக்கில் போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வந்ததே, அந்த முறையும் இதுதான். குறைகள் இருந்தன. காசு போதாமல் கடன்பட்டவர்கள் அதிகம். கணவர் இல்லாமல் தனியே நின்று மேசனோடும் லொறிக்காரரோடும் மல்லுக்கட்டிய பெண்களுக்கு இன்னும் கூட உதவி வேண்டியிருந்தது. இருந்தும், வாசல் நிலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், குசினி எங்கே வர வேண்டும் என்று வீட்டுக்காரி முடிவெடுத்த வீட்டில்தான் சனம் நிலைத்து இருக்கிறது.

ஊரையே வேறு இடத்துக்கு மாற்றினால் பாதுகாப்பு அல்லவா?

சில வேளை வேண்டும், பல வேளை இல்லை. லாத்தூரில் ஐம்பது வரையான கிராமங்களைப் புது இடத்தில் நேர்கோட்டுத் தெருக்களாகக் கட்டினார்கள். வயல் தூரம், பழகிய முற்றம் இல்லை. குஜராத்தில் பெரும்பாலான கிராமங்கள் இடம்மாற மறுத்ததற்கும் அதுவே காரணம். இங்கே 2005 இல் கடலிலிருந்து வடகிழக்கில் 200 மீற்றர், தெற்கில் 100 மீற்றர் கட்டக் கூடாது என்றார்கள். வள்ளமும் வலையும் கரையில், வீடு உள்ளே என்றால் மீன்பிடிக் குடும்பம் என்ன செய்யும்? பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள்.

போர் நடக்கும் இடத்தில் இது நடந்தால்?

சுமாத்திராவின் வடமுனையில் இருக்கும் ஆச்சேயும் நாங்களும் 2004 இல் ஒரே அலையில் அடிபட்டோம், இரண்டு இடத்திலும் அப்போது தீராத போர். ஆச்சேயில் 2005 ஓகஸ்ட் 15 இல் ஹெல்சிங்கியில் உடன்படிக்கை கைச்சாத்தானது. மீள்கட்டுமானத்துக்கென்றே ஒரு தனி அமைப்பு 2005 முதல் 2009 வரை வேலை செய்தது. ஒரு இலட்சத்துக்கும் மேல் வீடுகள் எழும்பின. இங்கே அதே வருடம் யூனில், அரசாங்கமும் புலிகளும் சேர்ந்து நிவாரணத்தைப் பிரிப்பதற்கான சுனாமிப் பொதுக்கட்டமைப்பு கைச்சாத்தானது, யூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிறகு போர் திரும்பியது. அலைக்குப் பிறகு கட்டிய வீடுகளையும் சனங்கள் விட்டு ஓட வேண்டி வந்தது. போருக்கு நடுவே 2025 இல் அதிர்வும் வந்த மியன்மாரைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைப்பது அதனால்தான்.

எத்தனை வருடம் எடுக்கும்?

நேபாளத்தின் மீள்கட்டுமான அதிகாரசபை 2015 முடிவில் தொடங்கி 2021 முடிவில் மூடியது. கோபேயின் சனத்தொகை பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப ஏறத்தாழப் பத்து வருடம் பிடித்தது. கட்டடத்துக்கு ஆறு வருடம், ஊருக்குப் பத்து வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மனிதருக்கு எத்தனை என்று உடுத்துறைத் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும்.

அங்கே அதிர்ந்தால் இங்கிருந்து நாங்கள் என்ன அனுப்பலாம்?

பணம், கொஞ்சமானாலும். அந்த ஊரில் ஏற்கெனவே வேலை செய்யும், கணக்குக் காட்டும் அமைப்புக்கு. உடுப்பு மூட்டை கட்டாதீர்கள். 2005 தை மாதத்தில் மருதங்கேணிப் பக்கத்து முகாம் ஒன்றில் நிவாரணம் பிரிக்க நின்றபோது, மூன்று பெட்டி நிறையக் கம்பளிச் சட்டை வந்தது. அன்று அந்தச் சனங்களுக்குத் தேவைப்பட்டது பெண்களுக்கு உள்ளாடை, குழந்தைக்குப் பால்மா, வலை பின்ன நூல். எங்கள் மாணவர்கள் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ச் சந்தைக் கடைகளில் வாங்கி வந்தார்கள், மிச்சக் காசை எண்ணி முகாம் பொறுப்பாளரிடம் கொடுத்தார்கள்.